எருமைக்கு எடுத்த நகல்

யோவ், பெட்டி செய்தவரே! நீர் எந்த ஊர், எந்த நாடு, எதுவும் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இந்நேரம் உம்ம வாசலில் நின்று சட்டைக் காலரைப் பிடித்திருப்பேன். பெட்டியின் அட்டையில் என்ன அச்சடித்தீர்? "அசல் ஆம்ப்ளிஃபயரில் உள்ள அத்தனையும் இதில் அப்படியே." அத்தனையுமா? அப்படியேவா? நெஞ்சில் கை வைத்துச் சொல்லும் பார்ப்போம். நீர் விட்டுவிட்ட ஒரே ஒரு சங்கதியால் பழவேற்காட்டில் ஒரு குடும்பஸ்தன், விடிந்தும் விடியாததுமாகக் கையில் துடுப்போடு ஜெயிலுக்குப் போக இருந்தான். கேட்டால் உம்ம கடைக்காரன், "கையேட்டைப் படிச்சீங்களா சார்?" என்கிறான். படித்தாயிற்றய்யா. முன்னட்டையிலிருந்து பின்னட்டை வரை படித்தாயிற்று. எருமையைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது.

எருமை என்றதும் கொம்பு எங்கே, வால் எங்கே என்று தேட வேண்டாம். அது ஒரு கிடார் ஆம்ப்ளி. கிடாரின் சத்தத்தைப் பெரிதாக்கும் பழைய காலத்துப் பெட்டி. உள்ளே கண்ணாடி வால்வுகள். கரண்ட்டைப் போட்டால் உடனே பேசாது. சூடாகி, சிவந்து, ஒரு முறை "ம்ம்ம்" என்று உறுமிவிட்டுத்தான் வாயைத் திறக்கும். கங்காதரன் அதற்கு வைத்த பெயர் துரை. சீமையில் பிறந்தது, லேட்டாக எழுந்திருக்கும், ஆள் தூக்கினால்தான் நகரும், நனைந்தால் கோபம் வரும். வேறென்ன பெயர் வைப்பான்? அவன் சம்சாரம் மோகனப்பிரியா வைத்த பெயர்தான் எருமை. கறுப்பாக, கனமாக, வீட்டுக்கு நடுவில் படுத்துக்கொண்டு, யார் என்ன சொன்னாலும் அசையாமல் கிடப்பதற்கு அவளுக்குத் தோன்றிய பெயர் அது. இரண்டு பெயருமே பொருத்தம்தான்.

கங்காதரன் பகலில் படகு எஞ்சின் ரிப்பேர் பார்ப்பவன். திருவிழா, கல்யாணம் என்றால் 'ஏரி அலை இன்னிசைக் குழு'வின் கிடார்க்காரன். அவனால் முடியாத காரியம் இரண்டு: மெதுவாகப் பேசுவது, பேரம் பேசாமல் ஒரு சாமானை வாங்குவது. துரையை அவன் சென்னையில் வாங்கியதே பேரத்தில்தான். காலையில் கடைக்குள் நுழைந்தவன் சாயந்தரம் வரை பேசினான். கடைசியில் கடைக்காரன், "அண்ணே, நீங்க காசு குடுக்கறதைக் கூடப் பாத்துக்கலாம், மொதல்ல வெளில போங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

வாங்கிய அன்று தெரியவில்லை, தூக்குகிற வேலை ஆயுள் தண்டனை என்று. ஏரியைச் சுற்றி எந்த ஊரில் கச்சேரி என்றாலும் துரை படகில் ஏற வேண்டும், இறங்க வேண்டும், சேற்றைக் கடக்க வேண்டும். போன மாசித் திருவிழாவில் படகு தரை தட்டி, இடுப்பளவு தண்ணீரில் துரையைத் தலையில் சுமந்து கரை சேர்ந்தான் கங்காதரன். துரைக்கு ஒன்றும் ஆகவில்லை. கங்காதரனின் இடுப்புதான் அன்றைக்கு 'டொக்' என்றது. அதற்கப்புறம் அவன் குனிந்தால் நிமிர ஆள் வேண்டும், நிமிர்ந்தால் குனிய ஆள் வேண்டும்.

அப்போதுதான் குழுவில் கீபோர்டு வாசிக்கிற இளவழகன் உம்ம பெட்டியைப் பற்றிச் சொன்னான்.

"அண்ணாத்த, இப்பல்லாம் ஆம்ப்ளிய யாரும் தூக்கறதில்ல. கம்ப்யூட்டர்ல மாடல் பண்ணி வெச்சிக்கிறாங்க."

"இன்னா மாடலு?"

"வால்வு இன்னா பண்ணும், ஸ்பீக்கர் இன்னா பண்ணும், எல்லாத்தையும் கணக்கா போட்டு உள்ள வெச்சிடறான். நூறு ஆம்ப்ளி ஒரு பொட்டில. உங்க துரையவே நகல் எடுக்கலாம்."

"போடா டேய்! வால்வு போனா வாழ்வு போச்சுடா. கணக்குப் போட்டா சோறு வேவுமா?"

கத்திவிட்டு வந்தான். கத்தியதில் இடுப்பு பிடித்துக்கொண்டது. மறுநாள் ரகசியமாகச் சென்னைக்குப் போய்ப் பேரம் பேசிப் பெட்டியை வாங்கிக்கொண்டு வந்தான். டிபன் பைக்குள் போகிற அளவுதான். மேலே தயிர்சாத டப்பாவும் வைக்கலாம்.

நகல் எடுக்கிற வேலை ஒரு மத்தியானம் நடந்தது. பெட்டியிலிருந்து ஒரு ஒயர் துரைக்குள் போனது. துரையின் வாய்க்கு எதிரே ஒரு மைக். பெட்டி உள்ளே "பீ..." என்றது, "கிர்ர்" என்றது, "உஸ்ஸ்" என்றது. துரையும் அதையே தன் குரலில் திருப்பிச் சொன்னார். உள்ளே போன சத்தம் என்ன, வெளியே வந்த சத்தம் என்ன, நடுவில் இந்த மனுஷன் என்ன செய்தார் என்று பெட்டி கணக்குப் போட்டது.

மோகனா முறத்தோடு எட்டிப் பார்த்தாள். "இன்னாயா, எருமைக்கு ஸ்கேன் எடுக்கறியா? கன்னு போடுமா?"

"போட்டுடுச்சிமே!" என்றான் கங்காதரன்.

போட்டுத்தான் விட்டது. ஹெட்போனில் கேட்டவனுக்கு ரோமம் சிலிர்த்தது. மெதுவாக மீட்டினால் துரை மாதிரியே குழைந்தது. ஓங்கி மீட்டினால் துரை மாதிரியே தொண்டை கரகரத்தது. சாயந்தரம் ஊரில் எல்லா மோட்டாரும் ஓடும்போது கரண்ட்டு இறங்கி, துரையின் குரல் கொஞ்சம் சோர்ந்து போகும். அதற்கும் பெட்டியில் ஒரு திருகு! லோ வோல்டேஜ் வராமல் இருக்க இங்கே வீட்டுக்கு வீடு ஸ்டெபிலைசர் வாங்கி மாட்டுகிறான். நீர் என்னடாவென்றால் லோ வோல்டேஜ் வரவழைக்கத் திருகு வைத்து விற்கிறீர். அதையும் வாங்குகிறான் பாரும்!

குறை என்று பார்த்தால் ஒன்றுதான். துரையின் முன்னால் நின்றால் கைலி காற்றில் ஆடும். பெட்டியின் முன்னால் நின்றால் ஆடாது. கைலி ஆடாவிட்டால் என்ன, இடுப்பு ஆடாமல் இருந்தால் போதும் என்று தீர்மானித்தான் கங்காதரன். சென்னையில் பழைய ஆம்ப்ளிகளைச் சேகரிக்கிற விஜயராகவன் என்பவரோடு போனில் பேரத்தையும் முடித்தான். ஞாயிற்றுக்கிழமை வேனோடு வந்து தூக்கிக்கொண்டு போவதாக ஏற்பாடு.

சம்சாரம் சந்தோஷத்தில் காலில் விழுந்தால் எப்படித் தூக்கி நிறுத்துவது, இடுப்பு தாங்குமா என்று யோசித்துக்கொண்டேதான் வீட்டுக்குள் நுழைந்தான்.

"மோகனா! உன்னோட பல வருசத்துப் பேஜார் தீந்துச்சி. எருமைய வித்துட்டேன்!"

மோகனா அப்போது நண்டு உடைத்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"யாரக் கேட்டு வித்த?"

"யாரக் கேக்கணும்? நீதானே 'தூக்கிப் போடு, தூக்கிப் போடு'ன்ன?"

"அது அப்போ."

"இப்போ?"

"இப்போ அது இங்கியே கெடக்கட்டும்."

"அத்த மாதிரியே அச்சு அசலா நகல் எடுத்துட்டேன்மே! டிபன் பையில கீது பாரு!"

மோகனா பையைப் பார்த்தாள். துரையைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். "அது இதுல வராதுய்யா" என்றாள்.

"எது வராது?"

"அதான்... அந்த உயிரு."

கங்காதரனுக்குக் கால் தரையில் இல்லை. எந்த மோகனா? தாலி கட்டிய நாளிலிருந்து அவன் கிடாரை எடுத்தால் மிக்ஸியைப் போடுகிற மோகனா. 'பேருலதான் மோகன ராகம் கீது, காதுல ஒண்ணும் கெடையாது' என்று அவன் எத்தனை முறை கிண்டல் செய்திருப்பான்! அவளுக்கா வால்வின் உயிர் புரிகிறது?

யோசித்துப் பார்த்தால் கொஞ்ச நாளாகவே மாற்றம்தான். துரையின் மேல் துணி உலர்த்துவது நின்றுபோயிருந்தது. தினம் ஈரத்துணியால் துடைக்கிறாள். காலையில் அவன் எஞ்சின் பட்டறைக்குக் கிளம்பிப் போனபின் ஆம்ப்ளியைப் போட்டுக் கேட்கிறாள் போலிருந்தது. அவன் சாயந்தரம் வந்து தொட்டுப் பார்த்தால் குமிழ்கள் இடம் மாறியிருக்கும். கிடாரில் செருக வேண்டிய ஒயரின் முனை ஜன்னல் கம்பியில் சுற்றிக் கிடக்கும். ஒயர் பூராவும் மீன் வாடை. 'பாவம், வாசிக்கக் கத்துக்கப் பாக்கறா போல, எங்க சொருவணும்னு கூடத் தெரியல' என்று மனம் இளகிப் போனான்.

ஆனாலும் இடுப்பு என்று ஒன்று இருக்கிறதே. அது இளகவில்லை.

"உயிரு கிருனு டபாய்க்காத! கண்ணக் கட்டிவுட்டா உனக்கு வித்தியாசம் தெரியுமா? எனக்கே தெரியல!"

"எனக்குத் தெரியும்."

"பந்தயம்! நீ கரெக்டா சொல்லிட்டா துரை வீட்ட வுட்டுப் போவாது. தப்பா சொன்னா ஞாயித்துக்கெழம வேனு."

"செரி. நாளைக்குக் காலைல வெச்சிக்க."

"சாயந்தரம் வெச்சிக்கலாமே அண்ணி" என்றான் அப்போது வந்த இளவழகன்.

"காலையிலதான் காது சுத்தமா இருக்கும்" என்றாள் மோகனா.

இளவழகன் கங்காதரனைத் தனியாக இழுத்துச் சொன்னான்: "அண்ணாத்த, பெரிய பெரிய சவுண்டு எஞ்சினியருங்க இத்தான் சொல்லுவாங்க. அண்ணிக்கு எப்டித் தெரியும்?"

"ஞானம்டா" என்றான் கங்காதரன்.

மறுநாள், கடலுக்குப் போன படகுகள் திரும்புகிற வேளை. அறையின் குறுக்கே மோகனாவின் கல்யாணப் புடவை கட்டப்பட்டது. புடவைக்குப் பின்னால் துரையும், பெட்டியோடு சேர்த்த ஸ்பீக்கரும் அக்கம்பக்கமாக. இளவழகன் உள்ளே உட்கார்ந்து அதே நாலு வரியை ஒரு முறை இதில், ஒரு முறை அதில் வாசிக்க வேண்டும். வெளியே இருப்பவர் அசலா நகலா என்று சொல்ல வேண்டும்.

முதலில் கங்காதரன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். "இதான்! இதான் துரை! இந்தக் கொழைவு எவனுக்கு வரும்!" என்று உருகினான். புடவைக்குப் பின்னாலிருந்து, "அண்ணாத்த, இது பொட்டி" என்று குரல் வந்தது. அடுத்ததைக் கேட்டு, "சீ, இது செத்த சத்தம், டப்பா" என்றான். "அண்ணாத்த, இதான் துரை." மற்றதெல்லாம் இதே அழகுதான். கங்காதரனுக்குச் சந்தோஷம். தோற்கத் தோற்க அவன் கட்சி ஜெயிக்கிறது. வாசித்து வாசித்துக் கைரேகை தேய்ந்தவனுக்கே தெரியாத வித்தியாசம் மீன் விற்கிறவளுக்கு எங்கே தெரியப் போகிறது?

மோகனா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டாள்.

"எருமை" என்றாள். சரி.

"பொட்டி." சரி.

"பொட்டி." சரி.

"இரு, இரு, அவசரப்படுத்தாத... ஆங், எருமை." சரி.

இளவழகன் தந்திரம் செய்தான். ஒன்றிலேயே திரும்பத் திரும்ப வாசித்தான். ஊஹூம். குமிழைத் திருகிப் பார்த்தான். ஊஹூம். ஒன்று விடாமல் சொல்லிவிட்டாள். புடவையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தவன் கண்களில் நீர்.

"அண்ணி, எப்டி?"

"அது மூச்சு வுடுதுடா" என்றாள் மோகனா. "பொட்டி மூச்சு வுடல."

கங்காதரன் சுவரில் சாய்ந்துவிட்டான். பந்தயம் போனது, இடுப்பு போகப் போகிறது, ஆனாலும் பெருமை தாங்கவில்லை. ரோஷத்தோடு சொன்னான்: "நான் ஒரே பேச்சுக்காரன். துரை போவாது. இனிமே எந்தக் கச்சேரிக்கும் நானே தனி ஆளா தூக்கினு போறேன். ஏரியத் தாண்டி கீற பசியாவரம் கச்சேரிக்கும்தான்."

மோகனா பதறி எழுந்தாள். "யோவ், யோவ்! அத்த இன்னாத்துக்கு தூக்கினு போற? அது வீட்ட வுட்டு நகரக் கூடாது!"

"கச்சேரிக்கு?"

"கச்சேரிக்கு அந்தப் பொட்டிய எடுத்துனு போ."

"அதுல உயிரு இல்லன்னியே!"

"பசியாவரத்துக்காரனுக்கு இன்னா உயிரு தெரியப் போவுது? உன் இடுப்பப் பாருய்யா மொதல்ல."

என் இடுப்புக்காக! அவ்வளவு பிடித்த ஆம்ப்ளியின் கச்சேரியையே விட்டுக்கொடுக்கிறாளே! கங்காதரன் அன்றைக்கு எஞ்சின் பட்டறைக்கு வந்த எல்லோரிடமும் இதைச் சொன்னான். விஜயராகவனிடம் போனில், "சார், குடுக்கறதுக்கில்ல. எங்க வூட்ல ஒரு காது கீது சார். அந்தக் காது ஒத்துக்கல" என்றான். அவரும் பெருந்தன்மையோடு, "அவங்கள பத்திரமா பாத்துக்கோங்க" என்றார்.

இப்படியாக ஏற்பாடு ஆயிற்று. நகல் நகரும், அசல் அசையாது. இரண்டு பேருக்கும் நிம்மதி. கதை இதோடு முடிந்திருந்தால் உம்ம பெட்டிக்கு நான் மாலையே போட்டிருப்பேன்.

பசியாவரத்துக்குக் கங்காதரன் மாப்பிள்ளை மாதிரி போனான். டிபன் பை தோளில். படகில் ஏறும்போது யாரையும் திட்டவில்லை. கச்சேரியில் பெட்டி பிரமாதமாகப் பாடியது. கூட்டத்தில் ஒருவன், "இன்னாபா, துரை இன்னிக்கி சோக்கா கீறாரு, எங்க ஒளிச்சி வெச்சினுகீற?" என்று மேடைக்கு அடியில் குனிந்து தேடினான். கங்காதரன் சிரித்து, டிபன் பையைத் தட்டிக் காட்டினான். கச்சேரி முடிந்து, மறுநாள் மத்தியானம்தான் திரும்புவதாகச் சொல்லியிருந்தவன், விஷயத்தைச் சம்சாரத்திடம் சொல்லாமல் இருப்புக்கொள்ளாமல் விடியலிலேயே முதல் படகைப் பிடித்தான்.

கரையில் இறங்கி, பின்பக்கமாக வீட்டுக்கு வந்தான். கதவு சாத்தியிருந்தது. உள்ளே பேச்சுக் குரல்.

ஆம்பளைக் குரல்.

அதுவும் யார் குரல்? எதிர்வீட்டுத் துளசிங்கத்தின் குரல். துளசிங்கம் பெரிய மீன் வியாபாரி. மோகனாவும் ஏலத்தில் எடுத்து விற்கிறவள். இறால் ஏலத்தில் இரண்டு பேருக்கும் ஆகவே ஆகாது. போன வருஷம் வரை அவன் கை ஓங்கியிருந்தது. இப்போதெல்லாம் நல்ல சரக்கு வருகிற படகின் முன்னால் அவனுக்கு முந்தி மோகனா நிற்கிறாள். இரண்டு பேரும் முகம் பார்த்துப் பேசுவதே கிடையாது என்றுதான் கங்காதரன் நினைத்திருந்தான்.

"எங்க கீற இப்போ?" என்றது துளசிங்கத்தின் குரல், கங்காதரன் வீட்டு அறைக்குள்ளிருந்து. "சொல்லு... நான் மட்டுந்தான் கீறேன். வேற யாருமில்ல..."

கங்காதரனின் தோளிலிருந்து டிபன் பை நழுவியது.

"வேற எவன் கூப்ட்டாலும் நிக்காத. நேரா என்கிட்ட வந்துடு. யாருக்கும் தெரியக் கூடாது... உனக்காகத்தான் விடியறதுக்குள்ள எழுந்து ஐஸ் வெச்சினுகீறேன்..."

ஐஸா வைக்கிறாய்? என் வீட்டுக்குள் வந்து என் பெண்டாட்டிக்கு ஐஸா? கங்காதரனின் காதில் ரத்தம் 'ஜிவ்'வென்று ஏறியது. உள்ளே மோகனா கலகலவென்று சிரித்தாள். சிரித்துவிட்டுச் சொன்னாள்: "காதுல வுழலய்யா. இன்னும் கொஞ்சம் சத்தமா பேசு."

துளசிங்கம் சத்தமாகப் பேசினான்! வெட்கம் மானம் இல்லாமல், தெருவுக்கே கேட்கிற மாதிரி, "ஜல்தியா வா! பாத்துனே கீறேன்!" என்றான்.

இடுப்புவலி எங்கே போனதோ தெரியாது. சுவரில் சாத்தியிருந்த துடுப்பு கைக்கு வந்தது. ஒரே உதை. கதவு திறந்துகொண்டது. உண்மையில் அது தாழ் போடாத கதவு. உதைத்த வேகத்தில் கங்காதரன் அறையின் நடுவில் போய்த்தான் நின்றான்.

மோகனா தரையில் குந்தியிருந்தாள். ஒரு கையில் டீ டம்ளர். இன்னொரு கை துரையின் குமிழ் மேல்.

"எங்கடி அவன்?"

"எவன்?"

"அந்த ஆம்பள!"

"இன்னா ஆம்பள?"

"கொரல் கேட்டுதுடி! வூட்டுக்குள்ள ஆம்பள கீறான்!"

மோகனா துடுப்பைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், துரையைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"யோவ் கூமுட்ட! ஆம்பள இல்லய்யா. ஆம்ப்ளி!"

அந்த நேரம் பார்த்துத் துரை வாயைத் திறந்தார். "சகாதேவா, உன் போட்டுல வெள்ளை எறாவா கருப்பு எறாவா? முகத்துவாரம் தாண்டிட்டியா இல்லியா?"

கங்காதரன் ஜன்னலை எட்டிப் பார்த்தான். எதிர்வீட்டு மொட்டை மாடியில், உயரமான ஏரியல் கம்பிக்கு அடியில், லுங்கியோடு துளசிங்கம் நின்றுகொண்டிருந்தான். கையில் படகுகளோடு பேசுகிற வயர்லெஸ் மைக். அவன் வாய் அங்கே அசைய அசைய, சத்தம் இங்கே துரையின் வயிற்றிலிருந்து வந்தது. கிடாரில் செருக வேண்டிய ஒயரின் முனை, ஜன்னல் கம்பியில் அழகாகச் சுற்றியிருந்தது.

துடுப்பு கீழே விழுந்தது. அதன் பக்கத்திலேயே கங்காதரனும் உட்கார்ந்தான். முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் அழுகை வந்தது. மோகனாவின் கையிலிருந்த டீயை வாங்கி ஒரே மூச்சில் குடித்தான். அப்படி ஒரு டீயை அவன் வாழ்நாளில் குடித்ததில்லை. ஆறிப்போன டீதான். ஆனால் நெஞ்சுக்குள் கிடந்த பாறை அதோடு கரைந்து இறங்கியது. துளசிங்கம் துளசிங்கமாக மாடியில் நிற்கிறான். மோகனா மோகனாவாக எதிரில் இருக்கிறாள். வீட்டில் இருக்கிற ஒரே அந்நிய ஆண் சீமையில் செய்த மரப்பெட்டி. இதற்கு மேல் ஒரு மனுஷனுக்கு என்ன வேண்டும்?

"எத்தினி நாளாமே இது?"

"போன மழக்காலத்து கொண்டல் காத்துலேந்து. துணி காயப் போடசொல்ல ஒயரு ஜன்னல்ல மாட்டினுச்சி. எருமை பேச ஆரமிச்சிடுச்சி. எந்த போட்டு எப்ப வருது, இன்னா சரக்குனு எனக்கு அத்தினியும் சொல்லிடும். துளசிங்கம் மாடியேந்து எறங்கி வரதுக்குள்ள நான் கரையில பேசி முடிச்சிடுவேன்."

கங்காதரனுக்கு மெல்ல மெல்ல வேறொன்று உறைத்தது.

"அப்போ... அன்னிக்கி பரீட்சையில..."

"ஒயரு கிடார்ல இருந்தாலும், துளசிங்கம் மைக்கு பட்டன அமுக்கனா எருமை 'டக்'குங்கும். வுட்டா 'கர்ர்'ருங்கும். பொட்டி ஒண்ணும் சொல்லாது."

"மூச்சு வுடுதுன்னியே?"

"துளசிங்கத்தோட மூச்சுய்யா அது."

"நான் வாசிக்கறதுல? அசலுக்கும் நகலுக்கும் உனக்கு ஒண்ணுமே வித்தியாசம் தெரியலயா?"

மோகனா காலி டம்ளரை வாங்கிக்கொண்டாள். "எனக்கு ரெண்டுமே தலவலிதான்."

அடி பலமாகத்தான் விழுந்தது. ஆனாலும் கங்காதரன் பேரக்காரன் அல்லவா? கீழே விழுந்த இடத்திலும் ஒரு கூழாங்கல்லைப் பொறுக்காமல் எழுந்திருக்க மாட்டான். வாழ்நாளில் முதல் முறையாகக் குரலைத் தணித்து ஆரம்பித்தான்.

"இத்த துளசிங்கம் கேட்டா இன்னா ஆவும்?"

"யாரு சொல்லப் போறா?"

"நான் சொல்ல மாட்டேன். ஆனா ஒரு கண்டிசன். இனிமே இந்த வூட்ல கனமான சாமான் எதையும் என்ன தூக்கச் சொல்லக் கூடாது. துரை உன்னுது. பொட்டி என்னுது. செரியா?"

"செரிதான். ஆனா ஒண்ணு. துடுப்ப தூக்கினு ஒருத்தன் பொண்டாட்டிய சந்தேகப்பட்டு ஓடியாந்தானே, அத்த சுண்ணாம்புக்குளத்துல எங்க அக்கா கேட்டா இன்னா ஆவும்?"

அக்கா பெயர் பானுப்ரியா. அவள் வாய்க்கு வயர்லெஸ் தேவையில்லை. சுண்ணாம்புக்குளத்தில் பேசினால் எளாவூர் செக்போஸ்டில் லாரிக்காரன் திரும்பிப் பார்ப்பான். கங்காதரன் துடுப்பைக் காலால் மெல்லக் கதவுக்குப் பின்னால் தள்ளினான்.

"உனக்கு இன்னாமே வேணும்?"

மோகனா வெகு நாளாக யோசித்து வைத்திருந்தவள் போல் சொன்னாள். "அவ வூட்டாண்டையும் ஒருத்தன் வயர்லெஸ் வெச்சினுகீறான். அவளும் நண்டு வேவாரம்தான் பண்றா. வாரத்துல பாதி நாளு எருமை அங்க, பாதி நாளு இங்க. நீயே பத்தரமா கொண்டு போயி குடுத்துட்டு, நீயே கொண்டாந்துடு. இதுல வேற ஆளக் கூட்டினா விசயம் வெளிய பூடும், பாத்துக்க."

கங்காதரன் பெட்டியைக் காட்டிக் கெஞ்சிப் பார்த்தான். "டிபன் பையில போவும்மே, இத்த எடுத்துனு போறேன்" என்றான். அதன் ஒயரையும் ஜன்னலில் மாட்டிக் காட்டினான். எதிர்மாடியில் துளசிங்கம் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். பெட்டி மௌன விரதம் இருந்தது. இளவழகனைக் கூப்பிட்டுக் கேட்டதற்கு, "வெளிச்சத்தம் ஒரு துளி கூட உள்ள வராதுண்ணே, அத்தினி சுத்தம். அதான் அதோட பெருமையே" என்றான். சுத்தத்தை வைத்துக்கொண்டு நாக்கு வழிக்கவா?

ஆகவே, பெட்டிக்காரரே, நிலவரம் இதுதான். முன்பெல்லாம் திருவிழாவுக்குத் திருவிழா துரையைத் தூக்கியவன் இப்போது வாரா வாரம் தூக்குகிறான். பஸ்ஸில் ஏற்றக் கண்டக்டர் ஒப்புக்கொள்ளவில்லை. படகில் பாதி வழி, மீதி வழி சேறு. அவன் அதற்காக அழவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கதவை உதைத்த அந்தக் காலையை நினைத்துக்கொண்டால், நடுச் சேற்றிலும் அவனுக்கு ஒரு பெருமூச்சு வந்து, கூடவே ஒரு சிரிப்பும் வந்துவிடுகிறது. ஆனால் மனசு இலேசானால் ஆம்ப்ளி இலேசாகுமா? துரையின் குழைவை அளந்தீர், கரகரப்பை அளந்தீர், அந்த 'டக்'கையும் 'கர்ர்'ரையும் துளசிங்கத்தையும் ஏனய்யா விட்டீர்? அவற்றையும் உள்ளே வைத்து, அட்டையில் போட்ட சொல்லைக் காப்பாற்றும். சாக்குப் போக்கு வேண்டாம், தவணை வேண்டாம், "அடுத்த மாடலில் பார்க்கலாம்" என்கிற கதையும் வேண்டாம். உம்மால் அது ஆகாது என்றால், இன்றைக்கே புறப்பட்டு வந்து துரையின் இந்தப் பக்கத்துக் கைப்பிடியைப் பிடியும்.